காலண்டர் முதல் மஞ்சப்பை வரை: கடைப் பெயர் அச்சிடும் முன்

வாசகர் கேள்வி – பதில்

கடையின் பெயரைப் போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பொருட்களைப் பற்றிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காசு கொடுத்த பிறகு எழுதியவை. பதில்கள் இந்த முறை செய்தவர்களைவிட அடுத்த முறை செய்யப்போகிறவர்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: எங்களுக்கு இரும்புக்கடை. போன வருஷம் டிசம்பர் 20-ம் தேதி 500 தினசரி காலண்டருக்குச் சொன்னோம். பொங்கல் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதற்குள் எல்லார் வீட்டுச் சுவரிலும் வேறு கடைக் காலண்டர் ஏறிவிட்டது. எப்போது சொல்ல வேண்டும்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– இரும்புக்கடை உரிமையாளர், தேனி

பதில்: சிவகாசியில் காலண்டர் வேலைக்கு வருஷப் பிறப்பு ஆடிப்பெருக்குதான். ஆடி 18 அன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜென்ட்கள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆகஸ்டிலேயே ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். அப்போது சொன்னால் பிடித்த படமும் கிடைக்கும், பேரத்துக்கும் இடம் இருக்கும். செப்டம்பர் கடைசிக்குள் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். தீபாவளி தாண்டினால் மிச்சமிருக்கும் படத்தில்தான் தேர்வு. டிசம்பரில் சொல்கிறவர் பெயர் வரிசையில் கடைசியில்தான் நிற்கும். அச்சகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இந்தக் காலண்டரில் மூன்று பாகம் உண்டு: படம் ஒட்டிய அட்டை, நாள்தாள் கட்டு, கடைப் பெயர். முதல் இரண்டும் எல்லாருக்கும் பொதுவாக மொத்தமாக அச்சாகின்றன. உங்களுக்கென்று நடப்பது அட்டையில் விட்டுவைத்த காலி இடத்தில் பெயரை ஏற்றும் வேலை மட்டும்தான். ஆகவே, ஆல்பத்தில் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். காலி இடம் எவ்வளவு, அதன் பின்னணி நிறம் என்ன என்று பாருங்கள். கருஞ்சிவப்புப் பட்டையில் கறுப்பு எழுத்து போட்டால் நாலடி தள்ளி நின்றால் தெரியாது. கடைப் பெயர், என்ன விற்கிறீர்கள், தெரு, ஒரு போன் எண். இது போதும். விற்கும் சாமான் பதினைந்தையும் வரிசையாகப் போட்டால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

மாதிரி கேட்டு வாங்கி, அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் மட்டும் வழவழப்பான படத்தாள் ஒட்டி, பின்னால் வெறும் அட்டையாக விட்டிருந்தால் மழைக்காலத்தில் ஒரு பக்கம் ஈரம் இழுத்து வில்லாக வளையும். பின்னாலும் ஒரு தாள் ஒட்டியிருந்தால் இரு பக்கமும் இழுப்பு சமமாகி அட்டை நேராக நிற்கும். அடுத்து நாள்தாளில் பத்துத் தாளைத் தினம் கிழிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கிழித்துப் பாருங்கள். பாதியில் கோணலாகக் கிழிந்தாலோ, இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தாலோ, கட்டு மொத்தமாக ஆடினாலோ அந்த ரகம் வேண்டாம். தாள் மெலிசாக இருந்தால் நாளைய தேதி இன்றைய தாளில் நிழலாகத் தெரியும். வயதானவர்கள் தூரத்திலிருந்து படிப்பது தேதி எண்ணை மட்டும்தான். அது குழம்பினால் காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடும்.

வாடிக்கையாளர்களில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் இருப்பார்கள். 500-லும் ஒரே சாமி படம் போடாமல் ஒரு பங்கை இயற்கைக் காட்சியாகச் சொல்லுங்கள். பெயர் ஏற்றும் செலவு பெரும்பாலும் மாறாது. பஞ்சாங்கம் வாக்கியமா, திருக்கணிதமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பண்டிகை, திதி நேரங்கள் இரண்டிலும் வேறுபடும். தை மாதம் முழுக்க அதற்கு நீங்கள் பதில் சொல்ல நேரும்.

சட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 1950-ம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டப்படி, மகாத்மா காந்தி, நேரு, இந்திரா காந்தி, சத்ரபதி சிவாஜி, பதவியில் இருக்கும் பிரதமர் ஆகியோரின் பெயரையோ படத்தையோ அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. காலண்டருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதில் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டுமே இருக்க வேண்டும், பொருட்களுக்கு விளம்பரமாக இருக்கக் கூடாது. இரும்புக்கடை பெயர் ஏறினால் அந்த விலக்கு பொருந்தாது. தேசியக் கொடியும் அதே பட்டியலில் இருக்கிறது.

புரூஃப் (மொத்தமாக அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் பிரதி) வந்ததும், அதிலிருக்கும் போன் எண்ணைப் பார்த்து உங்கள் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தி அழைத்துப் பாருங்கள். கண்ணால் சரிபார்த்தால் மனசு தனக்குத் தெரிந்த எண்ணைத்தான் படிக்கும்.

கேள்வி: ஜவுளிக்கடைக்குப் பை அடிக்க விலை கேட்டேன். 'துணிப்பை மாதிரியே இருக்கும், பாதி விலைக்குத் தருகிறேன்' என்று ஒரு மாதிரி காட்டினார்கள். வாங்கலாமா? காடா துணியில் அடித்த பழைய பைகளில் கடைப் பெயர் இரண்டு துவைப்பில் வெளுத்துவிட்டது. அது ஏன்?
– ஜவுளிக்கடை, பரமக்குடி

பதில்: அவர்கள் காட்டியது நெய்யாத பையாகத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஊடும் பாவும் இருக்காது. சின்னச் சின்னப் புள்ளி அழுத்தியதுபோல இருக்கும். ஓரத்தில் நூல் உருவ வராது. ஒரு துண்டை வெட்டிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு மணியாக இறுகும், ஏனென்றால் இது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் நெய்யாத பைகளும், பிளாஸ்டிக் பூச்சுள்ள பைகளும் உண்டு. இந்தத் தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் உள்ளாட்சி அதிகாரி கடைக்கு வந்து பறிமுதல் செய்யும்போது அந்த வாதமெல்லாம் கைகொடுக்காது. கடைப் பெயர் அச்சிட்ட பையில் யாருடையது என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. வேண்டாம்.

காடா துணி நல்ல முடிவு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு மஞ்சள் துணிப்பையைக் கையில் கொண்டு போக யாரும் கூச்சப்படுவதில்லை. கல்யாணத் தாம்பூலப் பையாகப் பல வருஷம் ஓடிய சாமான் அது. இப்போது காய்கறிக்கும் போகிறது. ஆகவே அளவைக் காய்கறிக்குத் தக்கபடி முடிவு செய்யுங்கள். புடவைப் பெட்டி மட்டும் நுழையும் அளவில் தைத்தால் வீட்டுக்குப் போனதும் மடித்துப் பீரோவில் வைத்துவிடுவார்கள். அகலம் 14 அங்குலம், உயரம் 16 அங்குலம், அடியில் 3 அங்குல மடிப்பு இருந்தால் மூன்று கிலோ சாமானுடன் வாரச் சந்தைக்குப் போய்வரும். உங்கள் பெயரும் கூடவே போய்வரும்.

கைப்பிடியைப் பாருங்கள். ஒரே நேர்த்தையலில் பிடித்திருந்தால் முதலில் அதுதான் போகும். ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறியாக ஓட்டியிருக்க வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே போட்டு ஒரு ராத்திரி ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் தையல் பிளந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அச்சு வெளுத்ததற்கு மை பெரும்பாலும் காரணமில்லை. சூடு போதாததுதான் காரணம். துணிப்பையில் அடிப்பது ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையை இறக்கும் முறை. பிக்மென்ட் மையில் நிறத்தோடு ஒட்டும் பசையும் கலந்திருக்கும். அந்தப் பசை துணி இழையைப் பிடித்துக்கொள்ள சுமார் 150 டிகிரி சூடு சில நிமிஷம் பட வேண்டும். அவசர வேலையில் கயிற்றில் போட்டு வெயிலில் காயவைத்து அப்படியே கட்டிவிடுகிறார்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். சோதனை எளிது: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அச்சின்மேல் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் சூடு போதவில்லை என்று பொருள். காடா துணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நெசவுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். மை கஞ்சியின்மேல் உட்காரும். முதல் துவைப்பில் கஞ்சி கரையும்போது மையும் கூடவே போகும். கஞ்சி எடுத்த துணியா என்று கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

தமிழ் எழுத்தில் கடைப் பெயர் அடிப்பவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனிக்க வேண்டும். ஸ்கிரீனின் வலைத்துணியில் சென்டிமீட்டருக்கு இத்தனை இழை என்று ஒரு கணக்கு இருக்கும். பைக்கு 40 முதல் 60 இழை போடுவார்கள். எழுத்து சின்னதாக இருந்தால் அதன் புள்ளி இழையின்மேல் விழுந்து மை இறங்காமல் போகும், அல்லது மை பரவி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'பட்டு' 'படடு' ஆகும். முகவரி வரியில்தான் இது அதிகம் நடக்கும். பையில் எந்தத் தமிழ் எழுத்தும் 18 பாயின்ட்டுக்குக் கீழே வேண்டாம். மெல்லிய எழுத்துருவும் வேண்டாம்.

கேள்வி: லோகோ நல்ல நீல நிறம். 1000 விசிட்டிங் கார்டு அடித்ததில் ஊதாவாக வந்திருக்கிறது. அதே ஃபைலில் போன முறை சரியாக வந்தது. அச்சகத்தில் கேட்டால் 'உங்கள் ஃபைல் அப்படி' என்கிறார்கள்.
– பயண நிறுவனம், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு தரப்பிலும் பாதி நியாயம் இருக்கிறது. திரையில் நிறம் சிவப்பு, பச்சை, நீல ஒளியில் உருவாகிறது. அச்சிலோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில். திரையின் பளிச்சென்ற நீலத்தை மையில் மாற்றும்போது மென்பொருள் சியானோடு மெஜந்தாவையும் நிறையக் கொட்டும். சியான் 100 சதவீதம், மெஜந்தா 100 சதவீதம் என்றால் அது ஊதாதான். மெஜந்தா சியானைவிடக் குறைந்தது 30 குறைவாக இருக்க வேண்டும். சியான் 100, மெஜந்தா 60 என்று வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். டிசைனரிடம் அந்த எண்களை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த அச்சகத்துக்குப் போனாலும் அது கூட வரும்.

போன முறை சரியாக வந்ததற்கும் காரணம் உண்டு. குறைந்த விலைக் கார்டுகள் தனியாக அச்சாவதில்லை. பத்து இருபது பேருடைய கார்டுகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஓட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர் கார்டு முழுச் சிவப்பாக இருந்து, மெஷின்காரர் அதற்காக மெஜந்தா மையைத் திறந்துவிட்டால் அதே பட்டையில் இருக்கும் உங்கள் நீலமும் சாயும். மலிவு விலையில் இதுவும் சேர்ந்தே வருகிறது. நிறம் முக்கியம் என்றால் தனி ஓட்டம் என்று சொல்லிக் கூடுதல் பணம் கொடுங்கள், அல்லது 200 கார்டை டிஜிட்டலில் அடித்துக்கொள்ளுங்கள். மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் முறையில் நாலு பிளேட்டும் மெஷின் தயார்ப்படுத்தலும்தான் பெரிய செலவு. 500-க்கும் 1000-க்கும் விலை ஏறத்தாழ ஒன்றாக இருப்பது அதனால்தான்.

90க்கு 54 மில்லிமீட்டர் கார்டு என்றால் ஃபைல் 96க்கு 60 இருக்க வேண்டும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்குப் போகும். எழுத்தையும் ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். ஓரத்தைச் சுற்றி மெல்லிய கட்டம் போடவே போடாதீர்கள். கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும், கார்டு கோணலாகத் தெரியும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பிய தமிழ் வாசகம் பிட் நோட்டீஸில் கொம்பும் காலும் இடம் மாறி வந்துவிட்டது. 5000 நோட்டீஸ் வீண். தவறு யாருடையது?
– இனிப்புக்கடை, கும்பகோணம்

பதில்: புரூஃப் பார்த்துச் சரி சொன்னவருடையது. அது நீங்களாக இருந்தால் வருத்தம்தான்.

போனில் நாம் தட்டுவது யூனிகோட் தமிழ். பல டிடிபி மையங்களில் இன்னும் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பும் அதற்கென்று செய்த பழைய தமிழ் எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. பழைய எழுத்துருவில் கொம்பு தனி எழுத்து. முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால் என்று அடிப்பார்கள். யூனிகோடில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் ஒட்டினால் 'கோ' என்பது 'க ே ா' என்று சிதறி நிற்கும். அடோபி மென்பொருட்களிலும் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போடாவிட்டால் இதே கதைதான். நம் கண் பழக்கத்தில் சரியாகப் படித்துவிடும் என்பது இதில் ஆபத்து.

தப்பிக்க இரண்டு வழி இருக்கிறது. மையத்தில் பழைய எழுத்துருவிலேயே புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லலாம், அல்லது யூனிகோடைப் பழைய முறைக்கு மாற்றும் மாற்றியில் போட்டு எடுக்கச் சொல்லலாம். எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன் எழுத்துகளைக் 'கர்வ்' ஆக மாற்றிவிட வேண்டும். அப்போது எழுத்து படமாகிவிடும். அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லையென்றாலும் மாறாது. புரூஃபை போன் திரையில் பார்க்காமல் ஒரு தாளில் அடித்து வாங்குங்கள். கடைசி வார்த்தையிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அர்த்தம் குறுக்கிடாததால் எழுத்துப் பிழை கண்ணில் படும். 'ஸ்ரீ', 'கொ', 'தௌ', 'க்ஷ' வரும் இடங்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள், உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: ஊழியர்களுக்கு 60 டி-ஷர்ட், எங்கள் கபடி அணிக்கு 15 ஜெர்சி. எல்லாவற்றிலும் லோகோ. ஸ்கிரீன், டிடிஎஃப், சப்ளிமேஷன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– பால் பொருள் நிறுவனம், நாமக்கல்

பதில்: முறையை முதலில் முடிவு செய்யாதீர்கள், துணி முடிவானால் முறை தானாக முடிவாகிவிடும்.

ஊழியர்கள் நாள் முழுக்கப் போட்டுக்கொள்வதற்குப் பருத்தி. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை), பயோவாஷ் செய்தது, காம்பாக்டிங் செய்தது என்று கேளுங்கள். பயோவாஷில் துணியின் மேல் பஞ்சு நீங்கிவிடும், அச்சு மொழுமொழுவென்று உட்காரும். காம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கி இறுக்கும் வேலை, செய்யாத பின்னல் துணி துவைத்ததும் நீளத்தில் சுருங்கி, ஆள் குனிந்தால் முதுகு தெரியும். இந்தப் பருத்திக்கு ஸ்கிரீன் பிரிண்டும் பொருந்தும், டிடிஎஃப்பும் பொருந்தும். லோகோ ஒன்றிரண்டு நிறம் என்றால் 60 துண்டுக்கு ஸ்கிரீன்தான் லாபம். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், செலவு 60-ஆல் வகுபடும். அடர்நிறத் துணியில் அடியில் வெள்ளை ஒரு தடவை ஓட்ட வேண்டும். அதையும் ஒரு நிறமாகக் கணக்கிடுங்கள். விலை கேட்கும்போது இதைச் சொல்ல மாட்டார்கள், பில்லில் வரும். லோகோவில் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து போவதாக இருந்தாலோ, ஒவ்வொருவர் பெயரும் வேண்டுமென்றாலோ டிடிஎஃப் போங்கள். படத்தைப் பிலிமில் அடித்து, பசைத்தூள் தூவி உருக்கி, 150–160 டிகிரியில் 10 முதல் 15 விநாடி அழுத்தி ஒட்டுவது இது. நெஞ்சில் பெரிய கட்டமாக ஒட்டினால் அந்த இடத்தில் காற்று போகாது, பால் வண்டி ஓட்டுகிறவர் சட்டை அங்கே நனைந்து ஒட்டும். இடது மார்பில் மூன்றரை அங்குலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கபடி ஜெர்சி பாலியஸ்டர். அதற்குச் சப்ளிமேஷன். சுமார் 200 டிகிரியில் மை ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். உரியாது, வெடிக்காது, தொட்டால் தட்டுப்படாது. ஆனால் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியில்தான் நடக்கும், ஏனென்றால் இதில் வெள்ளை மையே கிடையாது. பருத்தியில் சப்ளிமேஷன் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு துவைப்பில் லோகோ நிழலாகிவிடும்.

தயாரித்த சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்சியை வாங்கி, வெள்ளை எழுத்தை ஸ்கிரீனில் அடிப்பவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். அடித்தபோது பால் வெள்ளை, மறுநாள் காலை ரோஸ். துணியிலிருக்கும் சிவப்புச் சாயம் சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறிவிடுகிறது. குறைந்த சூட்டில் இறுகும் மையும், சாயத்தைத் தடுக்கும் அடிப்பூச்சும் இருந்தால்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். ஒரு துண்டு அடித்து இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.

அளவுகளை வாய்ப்பேச்சில் வாங்காதீர்கள். 'எனக்கு எல்' என்பவர் பாதி நேரம் எக்ஸ்எல்தான். தயாரிப்பாளரிடம் ஒவ்வொரு அளவிலும் ஒன்று வாங்கி வந்து போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: 1000 பேனாவில் பெயர் அடித்தோம். ஒரு வாரத்தில் விரல் பட்டே அழிந்துவிட்டது.
– பயிற்சி மையம், திருச்சி

பதில்: பேனா உடல் பாலிபுரொப்பிலீனாக இருக்கும். அதன் மேற்பரப்பு மெழுகுபோல, மை பிடிக்காது. அச்சிடும் முன் தீச்சுடரில் லேசாகக் காட்டியோ, பிரைமர் தடவியோ தயார்ப்படுத்த வேண்டும், அதை விட்டிருக்கிறார்கள். அடுத்த முறை மாதிரி வந்ததும் 24 மணி நேரம் வைத்து, அச்சின்மேல் செல்லோ டேப்பை ஒட்டிச் சடாரென்று உரியுங்கள். எழுத்து டேப்போடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். உலோகப் பேனாவுக்கு லேசரில் பொறிப்பது அழியாது. ஆனால் நிறம் நம் இஷ்டம் இல்லை, மேல்பூச்சை எரித்து உள்ளே என்ன உலோக நிறம் இருக்கிறதோ அதைத்தான் காட்டும். பேனாவில் அச்சிட அகலம் ஆறேழு மில்லிமீட்டர்தான் கிடைக்கும். பெயர், போன் எண், அவ்வளவே. இன்னொன்று: பத்துப் பேனாவை எடுத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதாத பேனாவில் பெயர் போடுவது காசு கொடுத்துக் கெட்ட பெயர் வாங்குவது.

கேள்வி: பத்துக்கு நாலடி பேனரில் எங்கள் படம் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. போனில் தெளிவாகத்தான் இருந்தது.
– அரிசி மண்டி, தஞ்சாவூர்

பதில்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளியாகச் சுருங்கிவிடும். அதைப் பத்தடிக்கு, அதாவது 120 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 13 புள்ளி. சாலையிலிருந்து பார்க்கும் பேனருக்கே 36 வேண்டும். 72 இருந்தால் நல்லது. படத்தை 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள், அளவு குறையாது. 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. வெளியில் கட்டுவதற்கு உள்ளாட்சி அனுமதியும் வேண்டும். கடைக்குள்ளே என்றால் துணி பேனரே போதும்.

கேள்வி: பரிசுப் பொருட்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை வரவில் எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இலவசமாகக் கொடுத்ததற்கு முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அன்பளிப்புக்கும் இலவச மாதிரிக்கும் உள்ளீட்டு வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதை, மறுக்கிறது. 'ஒன்று வாங்கினால் ஒன்று' வேறு. அங்கே இரண்டு பொருளும் சேர்ந்து ஒரு விலைக்கு விற்றதாகக் கணக்கு, வரவு உண்டு. எப்படி பில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆடிட்டரிடம் பொருள் வாங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: கப், காலண்டர் எல்லாவற்றிலும் கியூஆர் கோடு போட்டோம். கப்பில் இருப்பது ஸ்கேன் ஆவதே இல்லை. காலண்டரில் நன்றாக வந்தது, இப்போது அதுவும் வேறு எதற்கோ போகிறது.
– அழகுசாதனக் கடை, மதுரை

பதில்: கப் வளைவு. அகலமான கோடு இரு பக்கமும் வளைந்து போனால் கேமரா அதைச் சதுரமாகப் பார்க்காது. கப்பில் 2 முதல் 2.5 சென்டிமீட்டருக்குள் வைத்து, கைப்பிடிக்கு நேர் எதிரே போட வேண்டும். கைப்பிடி ஓரத்தில் சப்ளிமேஷன் அழுத்தம் சரியாக விழாது. அச்சு அங்கே மங்கும். கியூஆர் கோட்டைச் சுற்றி, அதிலுள்ள சின்னச் சதுரக் கட்டங்களில் நாலின் அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். டிசைனர்கள் அழகுக்காக அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். கறுப்புப் பின்னணியில் தங்க நிறக் கோடு, ஃபாயிலில் அடித்த கோடு இரண்டும் வேண்டாம். எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவு: சுவர்க் காலண்டருக்கு ஓரடி தூரம் என்றால் 3 சென்டிமீட்டர்.

காலண்டர் கோடு வேறு எதற்கோ போவதற்குக் காரணம், அது உங்கள் முகவரியை நேரடியாகத் தாங்கியிருக்கவில்லை. இலவசமாகக் கோடு செய்து தரும் தளங்கள் பல, நடுவில் தங்கள் இணைப்பைச் செருகிவிடும். சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லும் பக்கத்துக்கோ விளம்பரத்துக்கோ திருப்பிவிடும். கோடு வந்ததும் ஸ்கேன் செய்து, திறக்கும் முன் போன் காட்டும் முகவரியைப் படியுங்கள். உங்கள் தளத்தின் பெயரே அதில் இருக்க வேண்டும். இப்போது சுவரில் இருக்கும் காலண்டர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: சரியான கோட்டை 3 சென்டிமீட்டர் ஸ்டிக்கராக அடித்து, கடைக்கு வருகிறவர்களிடம் கொடுத்து பழையதன்மேல் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.